செண்டாயில் தங்கி, தினம் ஓர் ஊர்

டோக்கியோவிலிருந்து வடக்கே பறக்கும் பச்சை நிற ஹயபுசா ரயில், சுமார் 350 கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் கடந்து செண்டாயில் நிற்கிறது. நிற்பது ஓரிரு நிமிடம்தான். வெளிநாட்டுப் பயணிகளில் பலர் இறங்குவதே இல்லை. அவர்கள் கையில் இருப்பது அவோமோரிக்கோ ஹொக்காய்டோவுக்கோ எடுத்த டிக்கெட். முதல்முறை ஜப்பான் வருகிறவர்களோ டோக்கியோவிலிருந்து நேரே கியோட்டோ, ஒசாகா என்று மேற்கே போய்விடுகிறார்கள். வடகிழக்கு ஜப்பானின் மிகப் பெரிய நகரம், பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் ஊர், ரயில் ஜன்னலில் தோன்றி மறைந்துவிடுகிறது. வருத்தமான விஷயம் இது.

செண்டாயை மட்டும் சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதும். ஆனால் அங்கே ஒரு வாரம் தங்கினாலும் அலுக்காது. காலையில் செண்டாய் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் பைன் மரத் தீவுகள் நிறைந்த விரிகுடா வரும். இன்னொரு பாதையில் போனால் பாறைமேல் தொற்றி நிற்கும் மலைக்கோயில் வரும். மற்றொன்றில் 900 ஆண்டு பழைய தங்க மண்டபம். கிழக்கே போனால் 2011 சுனாமி கொண்டுபோன கடற்கரை. மாலையில் அதே அறைக்குத் திரும்பிவிடலாம். பெட்டியை இழுத்துக்கொண்டு தினம் ஒரு விடுதி தேட வேண்டாம்.

பழைய செண்டாயைத் தேடி வெளியே போக வேண்டியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1945 ஜூலை 10 அதிகாலையில் அமெரிக்க பி-29 விமானங்கள் வீசிய தீக்குண்டுகளில் நகரத்தின் நடுப்பகுதி எரிந்து போனது. இந்த நகரத்தை உருவாக்கியவர் தாதே மசமுனே என்ற சிற்றரசர். சிறுவயதில் அம்மை கண்டு ஒரு கண்ணை இழந்தவர். 'ஒற்றைக்கண் டிராகன்' என்று ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்தவர். அவர் 1600களின் தொடக்கத்தில் அவோபா குன்றின்மேல் கட்டிய கோட்டையில் இன்று கற்சுவர்களும் மேடும்தான் மிச்சம். அவருடைய சமாதியான ஸுய்ஹோதென் 1637இல் எழுந்தது. அதுவும் அந்த இரவில் எரிந்தது. இப்போது தேவதாரு மரங்களுக்கு நடுவே கறுப்பும் பொன்னும் பல வண்ணமுமாக நிற்பது 1979இல் திரும்பக் கட்டியது. கட்டுவதற்கு முன் தோண்டியபோது மசமுனேயின் எலும்புகள் கிடைத்தன. ஆள் சுமார் 159 சென்டிமீட்டர் உயரம் என்று கணித்தார்கள்.

கோட்டை மேட்டில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் அவருடைய வெண்கலச் சிலைக்கும் இதே போன்ற கதைதான். 1935இல் வைத்த முதல் சிலையைப் போர்க்காலத்தில் உலோகத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். 1964இல் பழைய அச்சிலிருந்தே மறுபடி வார்த்தார்கள். 2022 மார்ச் நிலநடுக்கத்தில் குதிரையின் கால் சேதமாகிச் சிலை சாய்ந்தது. பழுது பார்த்து அடுத்த ஆண்டு திரும்பக் கொண்டுவந்தார்கள். எரிவதும் இடிவதும் மறுபடி எழுவதும் இந்த ஊரில் எங்கே பார்த்தாலும் தெரியும்.

தப்பிப் பிழைத்த ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் நகரின் வடமேற்கே இருக்கும் ஓசாகி ஹச்சிமான் கோயிலுக்குப் போக வேண்டும். மசமுனே 1607இல் கட்டி முடித்தது. கறுப்பு அரக்குப் பூச்சும், அதன்மேல் தங்கமும் செதுக்கு வேலைகளுமாக இருக்கும் அந்தச் சின்ன மண்டபம் நாட்டின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்று. கூட்டம் அதிகம் இருக்காது. ஸுய்ஹோதென் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள் அசல் எது, மறுபதிப்பு எது என்பதைக் கண்ணாலேயே உணர்வார்கள்.

போருக்குப் பிறகு நகரத்துக்காரர்கள் செய்த நல்ல காரியம் மரம் நட்டது. ஜோசென்ஜி தெருவில் நான்கு வரிசையாக நிற்கும் கெயாகி மரங்கள் இன்று வானத்தை மூடும் அளவுக்கு வளர்ந்திருக்கின்றன. நடுவில் நடைபாதை, இருபுறமும் வண்டிகள். 1986 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் இலையுதிர்ந்த அந்தக் கிளைகள் முழுக்க விளக்குகளைக் கட்டுகிறார்கள். அதே தெருவில்தான் டோயோ இட்டோ வடிவமைத்த மீடியாதெக் நூலகம் இருக்கிறது. 2001இல் திறந்த இந்தக் கண்ணாடிக் கட்டடத்தைத் தாங்குவது வழக்கமான தூண்கள் இல்லை. கடற்பாசித் தண்டு மாதிரி வளைந்து மேலே போகும் 13 எஃகுக் கூட்டுக் குழாய்கள். 2011 நிலநடுக்கத்தில் மேல்மாடியின் உட்கூரை ஓரிடத்தில் இறங்கியதே தவிர, கட்டடம் நின்றது.

நகரத்தில் இன்னும் ஒரே ஓர் இடம் சொல்லலாம். தொஹொகு பல்கலைக்கழகத்தின் கதஹிரா வளாகத்தில் ஒரு பழைய மர வகுப்பறையைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சீன நவீன இலக்கியத்தின் முன்னோடியான லூ சுன் 1904 முதல் 1906 வரை மருத்துவம் படித்த வகுப்பறை அது. பாடம் முடிந்து நேரம் மிஞ்சினால் ரஷ்ய-ஜப்பானியப் போர்ப் படங்களைத் திரையில் காட்டுவார்கள். சீனன் ஒருவனைக் கொல்வதையும், சுற்றி நின்ற சீனர்கள் சும்மா வேடிக்கை பார்ப்பதையும் அப்படி ஒரு படத்தில் கண்டதாகவும், உடலைவிட மனத்துக்கு மருந்து வேண்டும் என்று தோன்றியதாகவும் அவரே பின்னாளில் எழுதினார். மருத்துவத்தை விட்டுவிட்டு எழுத வந்தார். தன் பாடக்குறிப்புகளைச் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்த பேராசிரியர் ஃபுஜினோவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைச் சீனாவில் பள்ளிப் பாடமாகப் படிக்கிறார்கள். அதனால் சீனப் பயணிகள் இந்த வகுப்பறையைத் தேடி வருகிறார்கள்.

இனி வெளியே.

எல்லோரும் முதலில் போவது மட்சுஷிமாவுக்கு. ஜப்பானின் மூன்று பேரழகுக் காட்சிகள் என்று பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே சொல்லிவரும் பட்டியலில் அமானோஹஷிதாதே, மியாஜிமாவோடு இதுவும் ஒன்று. விரிகுடாவில் சுமார் 260 தீவுகள். மென்மையான வெளிர்நிறப் பாறையைக் கடல் அடியில் அரித்துக்கொண்டே இருக்க, உச்சியில் பைன் மரங்கள் வளைந்து நிற்கின்றன. செண்டாயிலிருந்து சென்செகி பாதை ரயிலில் மட்சுஷிமா-கைகன் நிலையம் 40 நிமிடம். வெறும் 'மட்சுஷிமா' என்ற பெயரில் வேறொரு பாதையில் இன்னொரு நிலையம் உண்டு. அங்கே இறங்கினால் கடற்கரைக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும்.

பெரும்பாலான பயணிகள் மட்சுஷிமாவில் இறங்கி, படகில் ஒரு சுற்று போய்விட்டு அங்கேயே திரும்புகிறார்கள். அதைவிட நல்ல வழி, முன்னாலேயே ஹொன்-ஷியோகமா நிலையத்தில் இறங்குவது. ஷியோகமா ஒரு மீன்பிடித் துறைமுகம். சூரை மீனுக்கும் சுஷிக் கடைகளுக்கும் பெயர் பெற்றது. ஊரின் பழைய கோயிலுக்குச் செங்குத்தாக 202 கற்படிகள். ஏறி இறங்கிவிட்டு, துறையிலிருந்து மட்சுஷிமாவுக்குப் படகு பிடித்தால் 50 நிமிடம் தீவுகளுக்கு நடுவே போகலாம். 1689இல் கவிஞர் மட்சுவோ பாஷோவும் ஷியோகமாவிலிருந்து இதே நீர்வழியில்தான் மட்சுஷிமாவுக்குப் போனார்.

தமிழில் ஹைக்கூ எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் பாஷோவை நன்றாக அறிவார்கள். அவருடைய 'ஒக்கு நோ ஹொசோமிச்சி' என்ற பயண நூலின் முக்கியமான கட்டங்கள் செண்டாயைச் சுற்றித்தான் நடக்கின்றன. மட்சுஷிமாவைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கத்தை நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுப் புறப்பட்டவர் அவர். வந்து சேர்ந்ததும் அழகைப் பற்றி உரைநடையில் நிறைய எழுதினார். தன்னுடைய ஹைக்கூ ஒன்றைக்கூட அங்கே சேர்க்கவில்லை. கூட வந்த சோராவின் கவிதையைத்தான் சேர்த்தார். மட்சுஷிமாவைப் பற்றி பாஷோ எழுதியதாக உலவும் பிரபலமான வரிகள் பிற்காலத்தில் வேறொருவர் எழுதியவை.

கரையில் ஸுய்கன்ஜி கோயில். மசமுனே ஐந்தாண்டு வேலை வாங்கி 1609இல் முடித்தது. உள்ளே தங்கப் பின்னணியில் மயில்களும் பருந்துகளும் வரைந்த அறைகள். போகும் வழியில் பாறையைக் குடைந்த சிறு குகைகள் வரிசையாக வருகின்றன. இறந்தவர்களை நினைத்துச் செதுக்கிய உருவங்கள் அவற்றில் மங்கித் தெரியும். கோயிலுக்குப் போகும் தேவதாரு மரச்சாலையில் பல மரங்கள் இப்போது இல்லை. 2011இல் ஏறி வந்த உப்புநீரில் பட்டுப்போய் வெட்டப்பட்டவை.

அருகிலேயே என்ட்சுயின் என்ற சிறிய கோயில். அதைத் தவறவிடக் கூடாது. மசமுனேயின் பேரன் மிட்சுமுனே பத்தொன்பது வயதில் இறந்தபோது அவனுக்காகக் கட்டிய சமாதி மண்டபம் அங்கே இருக்கிறது. அவன் உருவச் சிலையை வைத்திருக்கும் மாடத்தின் கதவுகளில் ரோஜாப்பூவும், சீட்டுக்கட்டில் வரும் ஆட்டின், இஸ்பேட் போன்ற வடிவங்களும் வரைந்திருக்கிறார்கள். ஜப்பானில் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் ஐரோப்பியச் சின்னங்கள் அங்கே எப்படி வந்தன? மசமுனே 1613இல் ஹசெகுரா சுனெனாகா என்ற சாமுராயைக் கப்பலில் அனுப்பினார். பசிபிக் கடந்து மெக்சிகோ, அங்கிருந்து ஸ்பெயின், ரோம் வரை போய் 1615இல் போப் ஐந்தாம் பவுலைச் சந்தித்தவர் ஹசெகுரா. வழியில் ஞானஸ்நானமும் பெற்றார். ஏழாண்டு கழித்து ஊர் திரும்பியபோது அந்த மதத்துக்கே இடமில்லாமல் போயிருந்தது, இரண்டாண்டில் இறந்துபோனார். ரோம் நகரம் அவருக்குக் கொடுத்த குடியுரிமைப் பத்திரமும், அவருடைய எண்ணெய் வண்ண ஓவியமும் செண்டாய் நகர அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. என்ட்சுயின் மாடத்து வடிவங்கள் அந்தப் பயணத்தின் வழியே வந்தவை என்பது கோயில்காரர்கள் சொல்லும் வரலாறு. செண்டாய் அருங்காட்சியகத்தையும் இந்த மாடத்தையும் அடுத்தடுத்து பார்த்தால் ஒரு முழுக் கதையாகிறது.

குளிர்காலத்தில் மட்சுஷிமாவுக்கு வருகிறவர்கள் சிப்பி சாப்பிட வருகிறார்கள். 1960களின் இறுதியிலும் 70களிலும் பிரான்சின் சிப்பிப் பண்ணைகள் நோயில் அழிந்தபோது, மியாகி மாகாணக் கடலிலிருந்துதான் சிப்பிக் குஞ்சுகள் போயின. 2011இல் மியாகியின் பண்ணைகளைச் சுனாமி அழித்தபோது பிரெஞ்சுக்காரர்கள் கயிறும் மிதவையும் அனுப்பி உதவினார்கள்.

மட்சுஷிமா ஊரை அதன் தீவுகளே பெருமளவு காத்தன. அலையின் வேகத்தை அவை உடைத்துவிட்டன. சென்செகி பாதையில் அங்கிருந்து இன்னும் கிழக்கே போனால் நோபிரு நிலையம். பழைய நிலையத்தின் நடைமேடையும் முறுக்கிக்கொண்ட தண்டவாளமும் நினைவிடமாக இருக்கின்றன. ரயில்பாதையை உள்ளே தள்ளி, மேட்டில் புதிதாகப் போட்டு, 2015 மே மாதம்தான் முழுப் பாதையையும் மறுபடி திறந்தார்கள்.

இந்தக் கடற்கரையைச் சுற்றுலாப் பட்டியலில் சேர்க்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். சேர்க்க வேண்டும். அங்கிருப்பவர்கள் அதற்காகத்தான் அந்தக் கட்டடங்களை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். செண்டாய் நகரச் சுரங்க ரயிலின் கிழக்கு முனையான அராய் நிலையத்தில் இறங்கி, பேருந்தில் கால் மணி நேரம் போனால் அராஹாமா தொடக்கப்பள்ளி வருகிறது. கடலிலிருந்து சுமார் 700 மீட்டர். 2011 மார்ச் 11 பிற்பகல் 2:46க்கு நிலம் ஆடியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து அலை வந்தது. அதற்குள் மாணவர்கள், ஆசிரியர்கள், ஊர்க்காரர்கள் என்று 320 பேர் அந்த நான்கடுக்குக் கட்டடத்தின் மேலே ஏறியிருந்தார்கள். தண்ணீர் முதல் மாடி வரை வந்தது. அவர்களை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராக எடுக்க மறுநாள் வரை ஆயிற்று. அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

2017இலிருந்து அந்தப் பள்ளியை மக்கள் பார்க்கலாம். கீழ்த்தள வகுப்பறைகளில் உட்கூரை பெயர்ந்து தொங்குகிறது. மாடி வராந்தாவின் இரும்புக் கம்பி வளைந்து கிடக்கிறது. மேலே மொட்டைமாடிக்குப் போய் நின்றால் நாலாபுறமும் வெட்டவெளி. ஒரு காலத்தில் அங்கே வீடுகள் நெருக்கமாக இருந்தன என்பதைச் சுவரில் மாட்டிய பழைய படம் சொல்கிறது. அபாயப் பகுதி என்று அறிவித்துவிட்டதால் அங்கே இனி யாரும் குடியிருக்க வீடு கட்ட முடியாது. பக்கத்தில் சில வீடுகளின் அஸ்திவாரத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். குளியலறைத் தரை, வாசற்படி எல்லாம் தெரியும்.

செண்டாய் சமவெளிக்கு இது முதல் பேரலையும் அல்ல. 869ஆம் ஆண்டில் வந்த அலையைப் பழைய அரசுக் குறிப்பேடு ஒன்று பதிவு செய்திருக்கிறது. அது வெறும் பழங்கதை இல்லை என்று தொஹொகு பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் வயல்களைத் தோண்டி, மண்ணுக்கு நடுவே படிந்திருந்த கடல் மணல் அடுக்கைக் காட்டி, 2011க்கு நெடுநாள் முன்பே எழுதினார்கள். நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் முல்லைத்தீவையும் நினைவில் வைத்திருக்கும் தமிழ் வாசகர்கள் அராஹாமாவில் நிற்கும்போது அந்நிய ஊரில் நிற்பதாக உணர மாட்டார்கள். இன்று இந்தியா உட்பட உலக நாடுகள் பேரிடர்க் கொள்கைக்கு அடிப்படையாக ஏற்றுக்கொண்டிருக்கும் ஐ.நா. உடன்பாட்டுக்குப் பெயரே செண்டாய் உடன்பாடுதான். 2015 மார்ச்சில் இந்த நகரத்தில் கூடிய மாநாட்டில் உருவானது.

நேரம் உள்ளவர்கள் இஷினோமாகி வரை போக வேண்டும். செண்டாயிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்த நகரம் அது. ஊரின் நாளிதழான இஷினோமாகி ஹிபி ஷிம்புனின் அச்சகத்தில் நீர் புகுந்து, மின்சாரமும் இல்லாமல் போனபோது, அதன் செய்தியாளர்கள் அச்சுத்தாளைக் கிழித்து மார்க்கர் பேனாவால் செய்தி எழுதி, நிவாரண முகாம்களின் சுவரில் ஒட்டினார்கள். ஆறு நாள் அப்படியே பத்திரிகை வந்தது. ஹியோரியாமா குன்றின் அடியில் இருக்கும் கதோனோவாகி தொடக்கப்பள்ளி அலையில் நனைந்து, மிதந்துவந்த தீயிலும் கருகியது. அந்தச் சிதைவை 2022இலிருந்து பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளியில் இருந்த பிள்ளைகளை ஆசிரியர்கள் முன்பே குன்றின்மேல் நடத்திச் சென்றுவிட்டார்கள். ஆனால் அதே நகராட்சியின் வேறொரு முனையில் இருந்த ஒகாவா தொடக்கப்பள்ளியில் பின்னால் ஏறக்கூடிய மலை இருந்தும் பிள்ளைகளை வெகுநேரம் மைதானத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் இறந்தார்கள். நகராட்சியும் மாகாணமும் பொறுப்பு என்ற தீர்ப்பை 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒகாவாவுக்கு ரயில் கிடையாது, கார் வேண்டும். அராஹாமா, கதோனோவாகி, ஒகாவா மூன்றையும் பார்க்கிறவர்களுக்கு, முன்கூட்டியே யோசித்து வைத்த ஒரு முடிவு எத்தனை உயிருக்குச் சமம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடலுக்கு எதிர்த்திசையில் மலை. சென்ஸான் பாதை ரயில் செண்டாயிலிருந்து மேற்கே ஏறி, யமகாதா மாகாணத்துக்குள் நுழைகிறது. ரயில் பிரியர்களுக்கு இது முக்கியமான பாதை. ஷிங்கன்சென் அதிவேக ரயிலுக்கு அடித்தளமான மாறுமின்னோட்ட ரயில் தொழில்நுட்பத்தை ஜப்பான் 1955இல் முதலில் சோதித்துப் பார்த்தது இங்கேதான். வழியில் சகுனாமி வெந்நீர் ஊற்று. அதன் அருகே நிக்கா நிறுவனம் 1969இல் திறந்த விஸ்கி ஆலை. எல்லை மலையின் சுரங்கத்துக்குள் ரயில் நுழையும்போது தரை காய்ந்திருக்கும், வெளியே வரும்போது பனி இடுப்பளவு கிடக்கும். குளிர்காலத்தில் இது அன்றாடக் காட்சி. ஜப்பான் கடலின் ஈரக்காற்று மலையின் மேற்குப் புறத்திலேயே பனியைக் கொட்டிவிடுகிறது. கிழக்கே பசிபிக் பக்கம் இருக்கும் செண்டாய்க்குக் கொஞ்சம்தான் வரும்.

ஒரு மணி நேரத்தில் யமாதேரா நிலையம். நடைமேடையில் நின்று நிமிர்ந்தாலே கோயில் தெரிகிறது. செங்குத்துப் பாறையின் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன மரக் கட்டடங்கள். கோயிலின் முறையான பெயர் ரிஷ்ஷாகுஜி. 860இல் ஜிகாகு தாய்ஷி என்று போற்றப்படும் துறவி நிறுவியது. மட்சுஷிமாவின் ஸுய்கன்ஜியையும் அவரே தொடங்கினார் என்பது மரபு. உச்சி வரை 1,015 படிகள் என்று கணக்குச் சொல்வார்கள். பழனியோ திருத்தணியோ ஏறிப் பழகிய கால்களுக்குப் பெரிய சிரமமில்லை. தேவதாரு நிழல், பாசி பிடித்த கல்விளக்குகள், காற்று குடைந்து குழியாக்கிய பாறைகள் என்று நின்று நின்று ஏற வேண்டிய பாதை.

அடிவாரத்திலிருக்கும் கொன்பொன்-சூதோ மண்டபத்தை அவசரத்தில் தாண்டிவிடக் கூடாது. 1356இல் மறுபடி கட்டியது. உள்ளே எரியும் அணையா விளக்கின் சுடர், கியோட்டோவை அடுத்த ஹியேய் மலையின் என்ரியாக்குஜி மடத்திலிருந்து வந்தது. 1571இல் போர்த்தலைவர் ஓடா நொபுனாகா அந்த மடத்தையே எரித்துத் தரைமட்டமாக்கினார். அங்கிருந்த தாய்ச்சுடர் அணைந்தது. பிறகு மடத்தை மீண்டும் கட்டியபோது யமாதேராவிலிருந்துதான் சுடரைத் திரும்பக் கொண்டுபோனார்கள். நானூறு ஆண்டுக்கு முன்பு, ரயிலும் வண்டியும் இல்லாத காலத்தில், எரியும் திரியை அத்தனை தூரம் அணையாமல் காத்துச் சென்றவர்களை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை.

பாஷோ 1689 ஜூலையில் இங்கே ஏறினார். சில்வண்டின் ஒலியைப் பற்றி அவர் இங்கே எழுதிய ஹைக்கூ ஜப்பானில் மிக அதிகம் பேர் மனப்பாடமாகச் சொல்லும் கவிதைகளில் ஒன்று. பாதி வழியில் அந்தக் கவிதைத் தாளைப் புதைத்த இடம் என்று ஒரு கல் நட்டிருக்கிறார்கள். இந்தக் கவிதையை வைத்து இருபதாம் நூற்றாண்டில் ஒரு பெரிய விவாதமே நடந்தது. யமகாதாவில் பிறந்த கவிஞரும் மனநல மருத்துவருமான சைத்தோ மொகிச்சி, பாஷோ கேட்டது உரக்கக் கத்தும் 'அபுராஸெமி' வகைச் சில்வண்டு என்றார். செண்டாயில் பேராசிரியராக இருந்த கொமியா தொயோதாகா மறுத்தார்: கவிதையின் தொனிக்கு அது பொருந்தாது, தவிர பாஷோ வந்த நாளில் அந்த வகை இன்னும் வெளியே வந்திருக்காது, அது மெல்லிய ஒலி எழுப்பும் 'நீநீஸெமி'யாகத்தான் இருக்கும். பிறகு அந்தப் பருவத்தில் மலையில் பூச்சிகளைப் பிடித்துப் பார்த்தார்கள். கொமியா சொன்னதே பொருந்தியது. மொகிச்சி ஏற்றுக்கொண்டார். ஒரு கவிதையின் ஒற்றைப் பூச்சிக்காக இரண்டு அறிஞர்கள் இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டது கேட்கவே இதமாக இருக்கிறது. ஜூலையில் போகிறவர்கள் அந்த ஒலியைத் தாங்களே கேட்டுப் பார்க்கலாம்.

உச்சிக்குச் சற்றுக் கீழே கொதாய்தோ என்ற திறந்த மர மண்டபம் பாறை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளத்தாக்கு, ரயில் பாதை, வயல், எதிர்மலை எல்லாம் ஒரே பார்வையில். செண்டாயில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று யாராவது கேட்டால், தயங்காமல் யமாதேராவைச் சொல்லலாம்.

வடக்கே ஹிராயிசுமி. ஷிங்கன்சென்னில் இச்சினோசெகி அரை மணி நேரம், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் சில நிமிடம். இன்று அமைதியான சிற்றூர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா குலத்தவர் வடக்கின் தங்கத்தைக் கொண்டு இங்கே ஒரு தலைநகரத்தையே எழுப்பினார்கள். சூசொன்ஜி கோயிலின் தங்க மண்டபமான கொன்ஜிகிதோ 1124இல் முடிந்தது. உள்ளும் புறமும் தங்கத் தகடு, தூண்களில் தெற்குக் கடல்களிலிருந்து வந்த சங்கின் முத்துப் பதிப்பு. இதைக் கட்டிய கியோஹிரா, சிறுவயதில் தந்தையைப் போரில் பறிகொடுத்தவர். பிறகு இன்னொரு போரில் மனைவியையும் குழந்தையையும். தன் பக்கம், எதிரிப் பக்கம் என்று பாராமல், மனிதர், விலங்கு என்றும் பாராமல், இறந்த எல்லா உயிரும் அமைதி அடைய வேண்டும் என்பது அவர் பெயரால் 1126இல் எழுதப்பட்ட வேண்டுதலில் இருக்கிறது.

மண்டபத்தின் அடியில் ஃபுஜிவாரா தலைவர்கள் மூவரின் பதப்பட்ட உடல்களும், நான்காமவர் யசுஹிராவின் தலையும் இருக்கின்றன. 1950இல் ஆய்வாளர்கள் திறந்து பார்த்தபோது தலை வைத்த பெட்டியில் தாமரை விதைகள் கிடைத்தன. அவற்றிலிருந்து முளைக்க வைத்த கொடி 1998இல் பூத்தது. கோடையில் கோயில் குளத்தில் அந்தத் தாமரையைப் பார்க்கலாம். 1189இல் அழிந்த நகரத்தின் விதை. ஹிராயிசுமி உலகப் பாரம்பரியச் சின்னமானது 2011 ஜூனில். வடகிழக்கு மக்களுக்கு அந்த ஆண்டில் கிடைத்த அரிதான நல்ல செய்தி.

மற்ற பயணங்கள் பருவத்தைப் பொறுத்தவை. ஏப்ரல் நடுவில் தெற்கே ஒகவாரா. ஷிரோயிஷி ஆற்றங்கரையில் எட்டு கிலோமீட்டருக்குச் செர்ரி மரங்கள், பின்னால் பனி மூடிய ஸாவோ மலை. ஆகஸ்ட் 6 முதல் 8 வரை செண்டாயிலேயே தனபாதா விழா. கடைத்தெருக்களின் கூரையிலிருந்து மூங்கிலில் கட்டிய பிரம்மாண்டமான வண்ணக் காகிதத் தொங்கல்கள் தலையில் உரசும். அந்த நாட்களுக்கு அறை வேண்டுமென்றால் சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். ஸாவோவின் எரிமலை வாய் ஏரியைப் பார்க்கும் மலைச்சாலை நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் பிற்பகுதி வரை மூடியிருக்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை செண்டாயின் அடையாளம் கரியில் வாட்டிய மாட்டு நாக்கு. போருக்குப் பின் 1948இல் சானோ கெய்ஷிரோ என்ற சமையல்காரர் தொடங்கிவைத்தது. பார்லி கலந்த சோறும் மாட்டுவால் சூப்பும் கூடவே வரும். சைவர்களுக்கு இந்த ஊர் கொஞ்சம் கடினம்; காய்கறி சூப்பில்கூட மீன் சாறு இருக்கும் என்பதால் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆனால் ஸுந்தா என்ற இனிப்பு அவர்களுக்காகவே காத்திருக்கிறது. பச்சை சோயா மொச்சையை அவித்து, சர்க்கரை சேர்த்து மசித்து, அரிசி உருண்டைமேல் தடவித் தருவார்கள். நிலையத்திலேயே கிடைக்கும்.

இலையுதிர் காலத்தில் போகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: இமோனி. சேப்பங்கிழங்குக் குழம்பு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை வார இறுதியில் குடும்பங்களும் மாணவர்களும் அலுவலக நண்பர்களும் ஹிரோசே ஆற்றங்கரையில் கல் கூட்டி அடுப்பு மூட்டுகிறார்கள். அந்த நாட்களில் பலசரக்குக் கடைகளின் வாசலில் விறகுக் கட்டு அடுக்கியிருப்பார்கள். செண்டாய்க்காரர்கள் மிசோ கரைத்துப் பன்றி இறைச்சி போடுவார்கள். மலைக்கு அந்தப்புறம் யமகாதாவில் சோயா சாஸும் மாட்டிறைச்சியும். எது சரியான இமோனி என்ற வாதம் இரு மாகாணங்களுக்கும் நடுவே ஓய்வதே இல்லை. யமகாதா நகரம் ஒவ்வொரு செப்டம்பரிலும் ஆறரை மீட்டர் அகலப் பாத்திரத்தில் சமைத்து, மண் அள்ளும் இயந்திரத்தால் கிண்டிப் பரிமாறுகிறது. இரண்டையும் ருசித்துப் பார்த்துத் தாங்களே தீர்ப்புச் சொல்ல நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை சென்ஸான் ரயிலில் ஏறலாம். செண்டாயிலிருந்து யமகாதா ஒன்றேகால் மணி நேரம்.